கிட்டார் நலமா

பிப்ரவரி 11

அன்புள்ள வாண்டுவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் அத்தானும் சௌக்கியம். போனில் பேசலாமே என்று நீ முணுமுணுப்பது கேட்கிறது. நாள் முழுக்க காது பரிசோதனை அறையில் உட்கார்ந்து, "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க" என்று சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வந்தபின் போனைக் காதில் வைக்கவே எனக்குப் பிடிப்பதில்லை. தவிர, போனில் நாம் என்ன பேசுகிறோம்? சாப்பிட்டியா, சாப்பிட்டேன், நீ? அதோடு சரி. கடிதத்தில்தான் நீ கொஞ்சம் வாய் திறக்கிறாய்.

என்னோடு வேலை செய்யும் பெண் நேற்று தன் போனைக் கொண்டுவந்து, "அக்கா, இது உங்க தங்கச்சிதானே?" என்று காட்டினாள். ஏதோ ஹோட்டல் மாடியில் உங்கள் இசைக்குழுவின் நிகழ்ச்சி. பேஸ் கிட்டார்காரருக்கு முடி கொட்டிவிட்டது, பாவம். பாடகி இன்னும் கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுகிறாள். நடுவில் நீ, முன்பு நான் நின்ற அதே இடத்தில். மெலிந்திருக்கிறாய். எல்லாம் சரி, உன் கழுத்தில் தொங்கிய அந்தக் கறுப்புக் கிட்டார் யாருடையது? என் கிட்டார் எங்கே?

மேடையில் வாசிக்கத்தான் அதை உன்னிடம் கொடுத்தேன். அதற்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? மறைக்காமல் எழுது.

மாடியில் உன் அறை அப்படியே இருக்கிறது. எப்போது வருகிறாய் என்று அத்தான் கேட்கிறார். நான் கேட்கவில்லை. அவர்தான் கேட்கிறார்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கிட்டார் நலம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதிக் கடிதத்தை நீ படிக்க மாட்டாய்.

என் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. மரம் காய்ந்து வெடித்துவிடக் கூடாதே என்று ஈரப் பஞ்சு டப்பா ஒன்றை உள்ளே வைத்து, வேளாவேளைக்கு நனைக்கிறேன். நான் சாப்பிட மறந்தாலும் அது தண்ணீர் குடிக்க மறப்பதில்லை. தினமும் காலையில் எடுத்து வாசிக்கிறேன். மேடைக்கு மட்டும் கறுப்பு. அது கடையில் வாங்கியது. போனால் இன்னொன்று.

நாங்கள் வாசிக்கும் இடங்களைப் பார்த்தால் நீயே வேண்டாம் என்பாய். டிரம்ஸ்காரன் கையை ஓங்கினால் குச்சி என் தோளில் படும், அவ்வளவுதான் மேடை. வருகிறவர்கள் ஆம்ப்ளிஃபயர் மேல் டம்ளரை வைத்துவிட்டு ஆடப் போகிறார்கள். போன மாதம் ஒருவர் மேடையேறி வந்து, நானும் வாசிப்பேன் என்று கிட்டாரின் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தார். வேறொரு குழுவினர் சாப்பிட இறங்கிய நேரத்தில் யாரோ அவர்கள் வேனின் கண்ணாடியை உடைத்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அதில் ஒரு கிட்டார், அந்தக் குழுவில் ஒருவரின் அப்பா வாசித்தது. அந்த மகன் இன்னும் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்கும் போனேன். அதிகாரி படத்தைப் பார்த்துவிட்டு, இதைச் செய்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரித்தார். இல்லை என்றேன். "அப்ப இதைத் திரும்பச் செய்ய ஆளே இல்லையே. இதை ஏம்மா வெளிய எடுத்துட்டுப் போறீங்க?" என்றார். அவர் சொன்ன விலைக்குச் சின்னதாக ஒரு வீடே வாங்கலாம். அதைக் கேட்டதிலிருந்து அறைப் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறேன்.

ஊருக்கு வராததற்கும் இதுதான் காரணம். விமானத்தில் சாமானோடு சாமானாகப் போடச் சொல்வார்கள். ரயிலில் நெரிசல். அறையில் தனியாக விட்டுவிட்டு வரவும் மனசு வரவில்லை. நிகழ்ச்சிகள் கொஞ்சம் ஓயட்டும், வருகிறேன். அத்தானிடம் சொல்.

உன்
வாண்டு

மார்ச் 12

அன்புள்ள வாண்டு,

கிட்டாரை நல்ல ஆஸ்பத்திரியில்தான் சேர்த்திருக்கிறாய் போலிருக்கிறது. சந்தோஷம்.

அதை வாங்கிய நாளில் நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய், அதனால் உனக்குத் தெரியாது. அதைச் செய்தவர் தன் பட்டறையில் ஸ்டூல் மேலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டு, உட்கார்ந்து வாசிக்கச் சொன்னார். வாசித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்வேன் என்று ஏதோ உளறினேன். மனுஷருக்கு முகம் மாறிவிட்டது. "வீட்ல வைக்கறதுக்குன்னா சொல்லியிருந்தா நல்ல அலமாரியா செஞ்சு தந்திருப்பேனே" என்றார்.

அதன்பின் நான் அதை எங்கே கொண்டுபோகவில்லை? மழையில் லாரிக்குப் பின்னால் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறேன். ஒரு கல்யாண வரவேற்பில் யாரோ கையில் கொடுத்த குழந்தை அதன் மேல் பால் கக்கியது. ஓரத்தில் கறுப்பாக ஒரு புள்ளி இருக்கிறதே, அது ஒரு மேனேஜரின் சிகரெட். ஒவ்வொன்றுக்கும் அழுதிருக்கிறேன். மறுநாள் மறுபடியும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

இப்போது என் இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நரம்பு இனி இவ்வளவுதான் என்று டாக்டரும் கைவிரித்துவிட்டார். பிழைப்புக்கு அதனால் குறையில்லை, மெஷினில் பட்டனை அழுத்துவது வலது கையின் வேலை. ஆனால் அந்த அறைக்குள் வெளிச்சத்தம் ஒன்றுமே வராது. வந்தவர்கள் போனபின் சில சமயம் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். நாற்காலிகள் இழுபடுவது, யாரோ யாரையோ உஷ் என்பது, பேஸ்காரர் தொண்டையைச் செருமுவது எல்லாம் வந்து போகும். வாசித்ததுகூட இல்லையடி, வாசிக்கப் போகிற அந்த நிமிஷம். அதற்குத்தான் ஏங்கிப்போகிறேன்.

நான் போக முடியாத இடத்துக்கு அதுவாவது போகட்டும். நாங்கள் இரண்டு பேருமே வீட்டில் அடைந்து கிடக்க வேண்டுமா?

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டேன்.

நர்சுகள் படிக்கும் கல்லூரியில் ஆண்டு விழா. குடிக்கிறவர்கள் இருக்க மாட்டார்கள் என்று பார்த்து இதைத் தேர்ந்தெடுத்தேன். வேனில் முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். சாப்பிடப் போன இடத்தில் அதற்கென்று ஒரு நாற்காலி. டிரம்ஸ்காரன் மெனுவைப் புரட்டியபடியே, "அதுக்கும் ஒரு பிளேட் சொல்லவா?" என்று கேட்டான்.

சவுண்ட் செக்கில் முதல் தந்தியைத் தொட்டதும் பாடகி கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தாள். பேஸ்காரர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆம்ப்ளிஃபயரில் எதையோ திருகிக்கொண்டே நின்றார். அங்கே திருக ஒன்றுமே இல்லை. நிகழ்ச்சி முடிந்து வயர்களைச் சுருட்டும்போதுதான் பக்கத்தில் வந்தார். "உங்கக்கா வந்துட்டுப் போன மாதிரி இருந்துச்சும்மா" என்றார்.

கைதட்டல் எப்படி என்று கேட்பாய். நன்றாகத்தான் தட்டினார்கள். ஆனால் மூன்றாவது பாட்டில், நீ மெதுவாக்கி வாசிப்பாயே, அந்த இடத்தில் ஹாலே மூச்சுவிடவில்லை. கிட்டார் தன் பாட்டுக்குப் பாடியது.

இனி எங்கே போனாலும் இதுதான். கறுப்பு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

உன்
வாண்டு

ஏப்ரல் 12

வாண்டுக் கண்ணு,

உன் கடிதத்தை அத்தானுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பேஸ்காரர் வரி வந்ததும் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் சமையலறைக்குப் போய்விட்டேன். முதலில் சந்தோஷமாக இருந்தது. சாயங்காலம் வரை சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. கிட்டார் மேலா உன் மேலா என்று சொல்லத் தெரியவில்லை. பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, அது தானே வந்தது, தானே போய்விடும்.

அடுத்த நிகழ்ச்சி எங்கே? எல்லாவற்றையும் எழுது. மேடை எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பது வரைக்கும் எழுது.

அக்கா

ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நேராக எழுதிவிடுகிறேன். கிட்டாருக்கு அடிபட்டுவிட்டது.

திறந்தவெளி மைதானம். மத்தியானத்திலிருந்தே காற்று. தள்ளி வைக்கலாமா என்று பேஸ்காரர் கேட்டார், நடத்துகிறவர்கள் கேட்கவில்லை. நானாவது கறுப்பை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். பாதிப் பாட்டில் பின்னால் இருந்த திரை காற்றில் உப்பிக்கொண்டு வந்து ஸ்பீக்கர் ஸ்டாண்டைத் தள்ளியது. அப்படியே சரிந்துவிட்டது.

மேல்பலகையில், வட்டத் துளையிலிருந்து கீழே ஒரு விரிசல். என் உள்ளங்கை நீளம். பழுது பார்க்கிறவரிடம் மறுநாளே கொண்டுபோனேன். கண்ணாடியும் விளக்கும் வைத்து நெடுநேரம் பார்த்தார். உள்ளே தாங்குகட்டைகள் தப்பித்துவிட்டனவாம். ஒட்டிவிடலாம், குரல் போகாது, ஆனால் தழும்பு தெரியும் என்றார். பிசின் வகை, ஈரப்பதம், அழுத்திப் பிடிக்க வேண்டிய நாட்கள் எல்லாவற்றையும் கேட்டுத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். சரியா என்று நீ பார்த்துச் சொன்னால்தான் கை வைக்கச் சொல்வேன்.

மன்னித்துவிடு என்று எழுதி எழுதி அடித்துவிட்டேன். அந்த வார்த்தை இதற்குப் போதாது.

வாண்டு

மே 14

அக்கா,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. போன் செய்தேன், அத்தான்தான் எடுத்தார். அக்கா வேலைக்குப் போயிருக்கிறாள் என்றார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

திட்டியாவது எழுது. கிட்டார் பழுதுக்காரரின் மேஜையில் அப்படியே கிடக்கிறது.

வாண்டு

மே 20

அன்புள்ள வாண்டுவுக்கு,

எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. காரணம் நீ நினைப்பது இல்லை.

உன் கடிதத்தை இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் உறைத்தது. ஸ்டாண்ட் பாதிப் பாட்டில் சரிந்தது என்கிறாய். அப்போது கிட்டார் உன் கழுத்தில்தானே தொங்கிக்கொண்டிருந்தது? விரிசலை உள்ளங்கையால் அளந்திருக்கிறாய், பிசினைப் பற்றி ஒரு முழுத்தாள் எழுதியிருக்கிறாய். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

போன் பிடிக்காதவள் பேஸ்காரருக்குப் போன் போட்டேன். அவர் மென்று முழுங்கினார். நான் விடவில்லை. "ஸ்டாண்டு வர்றதைப் பாத்துட்டா. ஓடல. கிட்டாரை மடிக்குள்ள மூடிக்கிட்டுக் குனிஞ்சுட்டா. முதுகுலதான் விழுந்துச்சு" என்றார். தோள்பட்டை எலும்பில் விரிசல் விட்டிருக்கிறது, கை தூளியில் இருக்கிறது என்றார். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு சொல்லியிருக்கா என்றார்.

நீ போன் செய்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான் இருந்தேன். எடுத்திருந்தால் கத்தியிருப்பேன். கிட்டாரை எடுத்துக்கொண்டு போ, போ என்று உன்னைப் பிடித்துத் தள்ளியது நான். ஒரு மரத்துண்டுக்கு நீ முதுகைக் கொடுப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

இனி ஒன்று கேட்கிறேன். நீ வீட்டுக்கு வராதது கிட்டாரால் இல்லை என்பது எனக்குத் தெரியும். கடைசியாக வந்தபோது சாப்பாட்டு மேஜையில் என் கையைப் பார்த்தாய், உடனே சுவரைப் பார்த்தாய். நான் எழுவதற்குள் என் தட்டையும் எடுத்துக் கழுவிவிட்டாய். மறுநாள் காலை பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாய். என் இடத்தில் நிற்பதை என்னிடமிருந்து திருடியதுபோல் நினைக்கிறாய். அடி பைத்தியமே, நான்தான் உன்னை அங்கே நிறுத்தினேன். வேறு யார் நின்றிருந்தாலும் எனக்குத் தாங்கியிருக்காது.

கிட்டார் எப்படி இருக்கிறது, வெளியே எடுத்தாயா, என்ன வாசித்தாய் என்றெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தேன். உன்னைப் பற்றிக் கேட்டால் வேலை இருக்கிறது என்பாய், அதனால் அதைப் பற்றிக் கேட்டேன்.

பழுதுக்காரர் இஷ்டப்படி ஒட்டட்டும். இனி அது உன்னுடையது, என்னைக் கேட்காதே. அதைக் கொண்டுவராதே. பத்திரமான இடம் கிடைக்கவில்லை என்றால் திருட்டுப் போகட்டும். நீ வா.

நான்தான் கேட்கிறேன். அத்தான் இல்லை.

அக்கா

ஜூன் 3, ரயிலில்

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் வண்டியின் ஆட்டம். கை சரியாகிவிட்டது. தலைக்கு மேல் தூக்கினால் மட்டும் வலிக்கிறது. இனி எதையும் மறைக்கப் போவதில்லை என்பதால் அதையும் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று பழுதுக்காரரைப் போய்ப் பார்த்து, ஒட்டுங்கள் என்றேன். நேற்று வாங்கிவந்தேன். தழும்பு மெல்லிய கோடாகத் தெரிகிறது. உட்கார்ந்து ஒரு பாட்டு வாசித்துப் பார்த்தேன். பிறகு பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய் பேஸ்காரர் வீட்டில் வைத்தேன். நாளைய நிகழ்ச்சிக்கு என் இடத்தில் வேறொரு பெண் வாசிக்கிறாள். அவளிடம் இதையே கொடுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏதாவது ஆச்சுன்னா?" என்று கேட்டார். எது ஆனாலும் ஆகட்டும், ஊருக்குப் போயிருக்கும்போது எனக்குப் போன் போட்டுச் சொல்லாதீர்கள் என்றேன். தெருமுனை வரைக்கும் வந்து பஸ் ஏற்றிவிட்டார். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

பக்கத்து இருக்கை காலி. இத்தனை நாளும் பயணம் என்றால் முழங்கால்களுக்கு நடுவில் எதையாவது இடுக்கிக்கொண்டே உட்கார்ந்து பழகிவிட்டது. காலை எப்படி வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. ஒரு பை, அதில் மாற்றுத்துணி, உனக்கு ஒரு சால்வை.

நீ எழுதியது எல்லாம் சரிதான், அக்கா. ஒன்றை மட்டும் தப்பாக எழுதிவிட்டாய். உன் கையைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தது அழுகை வந்ததால். உன் தட்டில் விழுந்துவிடக் கூடாதே என்று எழுந்து போனேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உனக்குக் கேட்டிருக்கும் என்று நினைத்தேன். நீ ஊர்க் காதெல்லாம் பார்க்கிறவள்.

என்ன பேசுவது என்று இன்னும் யோசிக்கவில்லை. போனில் பேசுவதுபோல் சாப்பிட்டியா என்றுதான் ஆரம்பிப்பேன் என்று நினைக்கிறேன். வண்டி நேரத்தை அத்தானிடம் போனில் சொன்னபோதே உன்னைச் சாப்பிடாமல் இருக்கச் சொன்னேன். சேர்ந்து சாப்பிடலாம். ஒரு வாரம் இருப்பேன். அதற்குமேலும் இருக்கலாம், பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கடிதத்தை எந்தத் தபால் பெட்டியிலும் போடப் போவதில்லை, நானே உன்னிடம் கொடுத்துவிடுவேன். வண்டி வேகம் குறைகிறது. எல்லோரும் எழுந்து சாமான்களை எடுக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே பிளாட்பாரம் வருகிறது, நீ வந்திருக்கிறாயா என்று பார்க்க வேண்டும்.

உன்
வாண்டு