பெண் பார்க்க வந்தவர்களைப் பார்த்த படம்

மாரண்டஹள்ளி
திங்கள்

அன்பு மகள் எழிலரசிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் தங்கை கலைமதி, ஆடு இரண்டு, எல்லோரும் சுகம், உன் அப்பா மட்டும் மூன்று நாளாக உர்ரென்று இருக்கிறார். டெல்லிக் குளிரில் நீ காதைக் கட்டிக்கொண்டு வெளியே போகிறாயா. போனில் பேசினால் அவர் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், அதனால்தான் கடிதம்.

வெள்ளிக்கிழமை கடத்தூரிலிருந்து கலையைப் பெண் பார்க்க வருகிறார்கள், நான் வரைந்த படத்தால் அவள் சம்பந்தம் கெட்டுப்போகக் கூடாது, கழற்றி வை என்று அழாத குறையாகச் சொன்னாய். கழற்றினேன் கண்ணு. பிறகு நாற்காலிகளுக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டினேன். கலைக்கு இருபத்தொன்பது ஆகிவிட்டது, இதுவும் தட்டிப்போனால் என்ன செய்வது என்று அப்பா போர்வையால் மூடப் போனார், அதற்குள் கார் வந்துவிட்டது.

வந்தவர்கள் ஐந்து பேர். உன் படத்திலும் ஐந்து ஆண்கள்தானே, மடியில் பஜ்ஜித் தட்டோடு உட்கார்ந்து எதிரில் நிற்பவளை மேலும் கீழும் அளந்துகொண்டு. பெண்ணைக் காணோம், கீழே தட்டம் பிடித்த இரண்டு கை மட்டும். படத்துக்கு முன்னால் யார் வந்தாலும் அவர்தான் பெண். முதலில் மாப்பிள்ளையின் பெரியப்பா பார்த்தார், கடித்த பஜ்ஜியை மெல்லவே இல்லை. யாருங்க இவனுங்க, நம்மளையே பாக்கறானுங்க என்றார். பெரிய மக வரைஞ்சதுங்க, அவளைப் பொண்ணு பாக்க வந்தவங்க, அவ கண்ணுக்கு இப்பிடித்தான் தெரிஞ்சாங்களாம் என்றேன். அதற்கப்புறம் ஒருவரும் தட்டைத் தொடவில்லை. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து போய்ப் படத்துக்குக் கிட்டே நின்று, என்னய நடக்கவுட்டுப் பாத்தாங்க, சவுரியான்னு முடிய இழுத்துப் பாத்தாங்க என்று மெதுவாகச் சொன்னார்.

கலை தட்டம் எடுக்காமல் வந்தாள், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், மாப்பிள்ளை அருள்குமாரிடம், வாசல் வரைக்கும் கொஞ்சம் நடந்துட்டு வாங்க என்றாள். அந்தப் பையன் காது சிவக்கச் சிரித்துக்கொண்டே நடந்துவிட்டு வந்து, போதுங்களா என்றான். பெரியப்பா போய்க் கார் கதவைப் படாரென்று சாத்தினார், முடிந்தது என்று உன் அப்பா தலையில் கை வைத்தார்.

நேற்று அந்த அம்மாவே போன் செய்து, எங்களுக்குப் புடிச்சிருக்குங்க, பொண்ணு என்ன சொல்லுது என்று கேட்டார். இன்னொரு தரம் பார்த்துப் பேசிவிட்டுத்தான் சொல்வேன் என்று கலை சொல்லிவிட்டாள். காக்க வைக்கலாமா என்று அப்பாவுக்கு உர்ர் கூடிவிட்டது. இன்று காலை அவரிடம், என்னைப் பார்த்துவிட்டுப் போன உங்கள் வீட்டார் பதில் சொல்ல இருபது நாள் ஆக்கினார்கள், எனக்குச் சோறு இறங்கவில்லை, எனக்குப் பிடித்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை என்று சொன்னேன். ஆடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு வந்து, செரி, ஒனக்கு என்னயப் புடிச்சுதா என்று கேட்டார். கல்யாணமாகி முப்பத்துநாலு வருஷம் கழித்து.

நேரத்துக்குச் சாப்பிடு, பெயிண்ட் கையோடு கண்ணைக் கசக்காதே, என் தங்கம் நீ எங்கிருந்தாலும் தலைநிமிர்ந்து இரு. படத்தைத் திருப்பிக் கேட்காதே, கொடுக்க மாட்டேன். அப்பாவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஒரு இருபது நாள் ஆகட்டும்.

உன் அம்மா
சென்னம்மாள்