கவிழ்ந்த படகில் எழுதிய பெயர்

அம்மா,

இன்று காலை எங்கள் மாடிப்படிக் கைப்பிடிக்குப் பச்சை பெயின்ட் அடிக்கிறார்கள். தின்னர் வாசனை கதவிடுக்கு வழியாகச் சமையலறை வரை வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். உன் புடவைத் தலைப்பின் வாசனை அது.

மயிலாப்பூர்ப் பள்ளியில் நீ டிராயிங் டீச்சர். வீட்டில் சாப்பாட்டு மேஜையின் பாதி உன் வண்ணங்களுக்கு; மீதிப் பாதியில்தான் நாங்கள் சாப்பிட்டோம். ஒருநாள் சாம்பாரைத் தண்ணீரென்று நினைத்துத் தூரிகையை அதில் தோய்த்துவிட்டு, "கலர் நல்லாத்தான் இருக்கு" என்றாய். நான் கணக்கு டீச்சரானபோது, "ரெண்டு பேருக்கும் கோடு போடறதுதான் வேலை. நீ அளந்து போடு, நான் அளக்காம போடறேன்" என்றாய்.

அப்படிப்பட்ட உனக்குக் கை நடுக்கம் வந்தது. தூரிகைகளைக் கழுவித் துடைத்துப் பரண்மேல் போடச் சொன்னாய். "கோடு நடுங்கினா படமே பயந்த மாதிரி இருக்குடி. வேண்டாம்." அந்த மழைக்காலம் முழுவதும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். டாக்டர் நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார். எனக்கு நடுக்கத்தைவிட உன் மௌனம்தான் பயமாக இருந்தது.

பட்டினப்பாக்கத்திலிருந்து ஸ்டெல்லா வந்தது அப்போதுதான். உன் பழைய மாணவி, மீன் வியாபாரம்.

"டீச்சர், எங்க வூட்டுக்காரு போட்டுக்கு ஓட்டை அடைச்சி புச்சா பெயின்ட் அடிச்சிகீறாரு. பேரு நீங்கதான் எயுதணும். விண்மீன்."

"கை நிக்கலடி ஸ்டெல்லா."

"போட்டு மட்டும் நிக்கிதா டீச்சர்? அதுவும்தான் ஆடிக்கினே கீது."

 நீ செருப்பைத் தேடினாய்.

மணலில் படகைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். ஸ்டெல்லா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உன்னை உட்கார வைத்தாள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வெள்ளை பெயின்டில் எழுத ஆரம்பித்தாய். 'வி'யின் மேல் வளைவு நெளிந்தது.  நானும் ஸ்டெல்லாவும் அவள் கணவரும் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களும் உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசிப் புள்ளியை வைத்ததும் எல்லோரும் கை தட்டினார்கள்.

பெயின்ட் காய்ந்த பிறகு நாலைந்து பேர் சேர்ந்து படகைப் புரட்டினார்கள்.

விண்மீன் தலைகீழாக நின்றது.

 ஒரு கணம் நான் உன் முகத்தைப் பார்க்கவே பயந்தேன். பள்ளியில் எத்தனை பிள்ளைகளிடம், "எழுதறதுக்கு முன்னாடி எது மேல், எது கீழ்னு பாரு" என்று சொன்னவள் நீ!

ஸ்டெல்லாவின் கணவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "இன்னா டீச்சர், மீனுங்க கீயேந்து படிக்கிறதுக்கா?"

நீ சிரித்தாய். ஸ்டூலிலிருந்து விழுந்துவிடுவாயோ என்று நான் பிடித்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தாய். நடுங்கும் கோட்டுக்குப் பயந்து மாதக்கணக்கில் ஒளிந்திருந்தவள், ஊரே பார்க்க அதைவிடப் பெரிய தப்பைச் செய்துவிட்டாய். கடலும் மணலும் அப்படியேதான் இருந்தன. அந்த நெளிந்த வளைவைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஸ்டெல்லா, அழிச்சு வை. நாளைக்கு வரேன்" என்றாய்.

நாளைக்கு. அந்தச் சொல்லை உன் வாயிலிருந்து கேட்டு எவ்வளவு காலமாகியிருந்தது!

அதன் பிறகு சாப்பாட்டு மேஜையின் பாதி மறுபடி பறிபோனது. கடைசி வரை கோயில் குளத்தையும் அதன் படிக்கட்டையும் வரைந்துகொண்டே இருந்தாய். ஒன்று சொல்கிறேன், அம்மா. உன் நடுங்கும் கோடுகளில்தான் குளத்துத் தண்ணீர் உண்மையாக அசைந்தது.

வகுப்பில் கரும்பலகைக்கு வரத் தயங்கிய பிள்ளைகளுக்கு இந்தக் கதையைத்தான் உதாரணமாகச் சொன்னேன். சிரித்துக்கொண்டே எழுந்து வருவார்கள், தப்பாகப் போடுவார்கள், மறுபடி போடுவார்கள்.

இப்போது என் முறை. ஓய்வு பெற்ற பிறகு ஸ்கூட்டர் கற்றுக்கொள்கிறேன். நேற்று அடையாறில், நின்றுகொண்டிருந்த காய்கறி வண்டியில் மோதினேன். கத்தரிக்காய்கள் தெரு முழுக்க உருண்டன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உன்னைப் போலவே, நிறுத்த முடியாமல். வண்டிக்காரரோடு சேர்ந்து பொறுக்கினேன்.

"இன்னாமா, இந்த வயசுல உனுக்கு இதெல்லாம் தேவையா? நாளைக்கும் வருவியா?"

"வருவேன்" என்றேன். "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."