நாங்கள் கேட்ட ஞாயிற்றுக்கிழமை

பினாங்கு,
ராக்கிராக்கி, பிஜி.

என் கண்ணு மோகினிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ரொனீதாவும் அந்தக் குளிர் ஊரில் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் காலையில் எழுந்ததும் முழங்கால் போடுகிறேன். நீ அனுப்பின கம்பளிச் சட்டையை அப்பா ஒரு நாள் போட்டுப் பார்த்து, வேர்த்துக் கொட்டி, ஆக்லாந்துக்கு வந்தால்தான் இது ஆகும் என்று மடித்து வைத்துவிட்டார். வா வா என்று நீ எழுதுகிறதற்குப் பதில் கடைசியில் சொல்கிறேன். முதலில் உன்னிடம் ஒரு காரியம் கேட்க வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம். நம் பக்கத்து வீட்டு சிவன் மாமா குடும்பம் வியாழக்கிழமை விமானம் ஏறி உன் ஊருக்கே வந்துவிட்டது. மாமாவின் தம்பி வீடு மாங்கரேயில் இருக்கிறதாம். நீ அங்கே போக வேண்டும். ஏன் போக வேண்டும், எப்படிப் போக வேண்டும் என்று சொல்லாமல் அனுப்பினால் நீ பழைய நினைப்பில் அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டு உள்ளே ஓடுவாய், அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

உனக்கு நம் மாடு ஞாபகம் இருக்கும். ஒன்று நம்முடையது, ஒன்று அவர்களுடையது, இரண்டையும் சேர்த்துப் பூட்டித்தான் இரண்டு வீட்டு நிலமும் உழுதது. நம் மாடு எப்போதும் வலது பக்கம்தான் நிற்கும், இடது பக்கம் பூட்டினால் படுத்துக்கொள்ளும், சிவன் மாமா அதைப் பார்த்து, கிறிஸ்தவனான மாட்டுக்கு என்ன பிடிவாதம் என்று கேலி பண்ணுவார். உனக்கு அம்மை போட்டபோது அப்பா சபையைக் கூட்டி ஜெபம் பண்ணினார், மாமா வீட்டிலிருந்து கம்லா அத்தை வேப்பிலையோடு வந்து உட்கார்ந்தாள், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, நீயும் பிழைத்தாய். அப்படி இருந்த வீடு.

வெள்ளிக்கிழமை ஜெபத்தில் அப்பா என்ன கேட்பார் என்று உனக்குத் தெரியும், நீ சின்னப் பிள்ளையாகத் தூங்கி விழுந்துகொண்டு கேட்டதுதான். "ஆண்டவரே, இந்த தேசத்துல எழுப்புதல் அனுப்பும், ஞாயித்துக்கிழமை உம்ம நாளா இருக்கட்டும், கடை மூடட்டும், பஸ் நிக்கட்டும், ஜனமெல்லாம் முழங்கால்ல நிக்கட்டும்" என்று கண்ணீர் விட்டுக் கேட்பார். நாங்களும் ஆமென் போடுவோம். இரண்டாம் தடவை ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு ஒரு நாள் ரேடியோவில் சொன்னார்கள், இனி ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது, கடை கிடையாது, பஸ் கிடையாது, விளையாட்டும் கிடையாது என்று. அப்பா வீட்டு நடுவில் நின்று கை தட்டினார். சபையில் எழுந்து சாட்சி சொன்னார், நாம கேட்டோம், அவர் குடுத்தார் என்று. துப்பாக்கி வைத்திருக்கிறவன் போட்ட சட்டத்தை ஆண்டவர் கொடுத்தது என்று எடுத்துக்கொண்டார். பாஸ்டர் கூட அப்படிச் சொல்லவில்லை, பாவம் அவர் அப்போதே பிரிஸ்பேனுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார், அடுத்த மாதம் வந்துவிடுவேன் என்று போனவர் இன்னும் வரவில்லை. டவுன் மார்க்கெட்டில் கத்தரிக்காய் விற்கிற பிரமிளா என்னைப் பார்த்து, "வாங்க வாங்க, கவர்மெண்டே உங்க கட்சிதானே, இன்னும் ஏன் கிழிஞ்ச செருப்போட நடக்குறீங்க" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன், வேறு என்ன செய்வது.

கரும்பு வெட்டு முடிகிற நேரம். ஒரு சனிக்கிழமை எவனோ சிவன் மாமாவின் கரும்பில் தீ வைத்துவிட்டான். அந்த வருஷம் எத்தனை பேர் கரும்பு அப்படிப் போனது, யார் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. எரிந்த கரும்பை உடனே வெட்டி மில்லுக்கு அனுப்பாவிட்டால் புளித்துப்போகும், வருஷத்து உழைப்பு போச்சு, இது உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் மறுநாள் ஞாயிறு என்று பார்க்காமல் மாமா மகன் ஷாலேந்திரா கத்தியை எடுத்துக்கொண்டு தனியாக வயலில் இறங்கினான். நாங்கள் ஆராதனை முடிந்து வருகிறோம், அப்பா வெள்ளைச் சட்டையும் வேதப்புத்தகமுமாக முன்னால் போகிறார், பெண்கள் நாங்கள் பின்னால். திருப்பத்தில் கல்லையும் கட்டையையும் போட்டு ரோட்டை மறித்து நின்றார்கள், பக்கத்தில் ஒரு லாரி, சிலர் ராணுவ உடுப்பில், சிலர் சாதாரணச் சட்டையில். ஒருவன் அப்பாவின் கையில் புத்தகத்தைப் பார்த்து மரியாதையாகத்தான் கேட்டான், பெரியவரே, மேல யாராவது வேலை செய்யிறாங்களா என்று. அப்பா கையில் வேதத்தை வைத்துக்கொண்டு, கர்த்தருடைய நாளில், எப்படிப் பொய் சொல்வது என்று நினைத்தார். "ஆமாங்க, சிவன் பையன் வெட்டுறான், பாவம், கரும்பு எரிஞ்சுபோச்சு, அவனை ஒண்ணும் செய்யாதீங்க" என்றார். காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் இரக்கப்படுவார்கள் என்று நம்பினார் மோகினி. அவர்களும் கிறிஸ்தவர்கள்தானே என்று நம்பினார். லாரி மேலே போனது. நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவன் கத்தி வைத்திருந்த வலது கையை வரப்புக் கல்லின் மேல் வைத்துத் துப்பாக்கிக் கட்டையால் அடித்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் நல்லபடிதான் கட்டுப் போட்டார்கள், ஆனால் விரல் மடங்கவில்லை. இன்றைக்கும் அவன் டம்ளரை இடது கையால்தான் பிடிக்கிறான். இருபத்திரண்டு வயசுப் பிள்ளை.

கம்லா என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு, "ஏம்மா, உங்க சாமிக்கு எங்க புள்ள கைதான் காணிக்கையா" என்று கேட்டாள். அதற்குப் பிறகு பேசவில்லை. சிவன் மாமா தன் மாட்டை அவிழ்த்துத் தவுவாவில் விற்றுவிட்டார். நம் மாடு இப்போது ஒற்றையாக நிற்கிறது, வேறு மாட்டோடு பூட்டினால் எந்தப் பக்கமும் நிற்க மாட்டேன் என்கிறது. நிலத்தில் பாதி புல்லாகிக் கிடக்கிறது.

அப்பா வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வந்து உட்காருவார், ஆனால் வாய் திறக்க மாட்டார். ஏன் என்று கேட்டால், "இந்த வாயாலதானே எல்லாம்" என்பார். சபையில் பாதிப் பேர் ஆஸ்திரேலியா கனடா என்று போய்விட்டார்கள், மிச்சம் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். நானும் பிஜிக்காரர் கிராமத்திலிருந்து வருகிற லிதியாவும்தான். அவள் இந்தியில் பாதி பிஜியில் பாதி ஜெபம் பண்ணுவாள், நான் தமிழில், ஆண்டவர் எப்படியோ பிரித்துக் கேட்டுக்கொள்ளட்டும். நான் நிறைய யோசித்தேன் கண்ணு. எழுப்புதல் என்றால் கடை மூடுகிறது என்று யார் நமக்குச் சொன்னது? பஸ் நின்றுவிட்டால் மனுஷன் மனசு நின்று கேட்குமா? நாங்கள் கேட்டதெல்லாம் மற்றவர்களுக்காகவே இருந்தது, அவனைத் திருத்தும், இவளைத் திருத்தும் என்று. எங்களைத் திருத்தும் என்று ஒரு வெள்ளிக்கிழமையாவது கேட்டோமா, எனக்கு ஞாபகமில்லை. இப்போது கேட்கிறேன். அது ரொம்பக் கஷ்டமான ஜெபம், வாயில் வரமாட்டேன் என்கிறது.

மாமா வீட்டில் மூட்டை கட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் லிதியாதான் அப்பாவிடம் சொன்னாள், சும்மா வாயால் மன்னிப்புக் கேட்டால் போதாது, எங்க ஜனம் செய்யிற மாதிரி நங்கோனா வேரைக் கட்டி எடுத்துப் போய் வாசலில் தரையில் உட்காரு, அவர் அந்த வேரைத் தொட்டுவிட்டால் மன்னித்ததாக அர்த்தம், தொடுகிறவரை எழுந்திருக்காதே என்று. ஞானஸ்நானம் எடுத்த பிறகு அந்த வேரை அப்பா கையால் தொட்டதில்லை, அதை இடித்துக் குடித்துக் கெட்ட நாளெல்லாம் உனக்குத் தெரியாது. ஆனாலும் போய் வாங்கி வந்தார். காலையில் மாமா வாசலில் மண்ணில் உட்கார்ந்து, வேரை முன்னால் வைத்துத் தலையைக் குனிந்துகொண்டார். நான் நம் வேலி ஓரத்தில் நின்றேன். கம்லா வாசல் பெருக்கினாள், அவரைச் சுற்றிப் பெருக்கிவிட்டு உள்ளே போனாள். ஷாலேந்திரா ஒரு தடவை எட்டிப் பார்த்தான். ரொம்ப நேரம் கழித்து சிவன் மாமா இறங்கி வந்து முன்னால் நின்றார். வேரைப் பார்த்தார். குனியவில்லை. "அப்பல்சாமி, எழுந்து வீட்டுக்குப் போ. வெயில் ஏறுது" என்றார். அவ்வளவுதான். அப்பா பொழுது சாய்கிறவரை உட்கார்ந்துவிட்டு வந்தார். தொடல, தொடல என்று அன்றைக்கு முழுக்க அதையே சொன்னார். அவர் தொடாமல் போனது எனக்கும் தெரிகிறது. ஆனால் கை முறிந்த பிள்ளையின் தகப்பன், உன் தலையில் வெயில் படுகிறது என்று பார்த்திருக்கிறாரே, அதை நான் விடமாட்டேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் உனக்கு எழுதுகிறேன்.

நீ போ. புளி கரைத்து மீன் குழம்பு வைத்து எடுத்துப் போ, கம்லாவுக்கு அது பிடிக்கும், அந்த ஊர் மீனில் எப்படி வருமோ தெரியவில்லை. வேதப்புத்தகம் கொண்டு போகாதே. ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்காதே. அப்பா சொன்னதை நியாயப்படுத்திப் பேசாதே, பொய் சொல்லத் தெரியாதவர் என்று ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வரக்கூடாது, நமக்கு அது நியாயம், அவர்களுக்கு அது கை. ஷாலேந்திராவை நல்ல கை டாக்டரிடம் கூட்டிப் போக முடியுமா என்று மாப்பிள்ளையை விசாரிக்கச் சொல். இடது கையால் செய்கிற வேலை அவர் ஃபேக்டரியில் இருந்தால் கேட்கச் சொல். கதவைச் சாத்தினார்கள் என்றால் குழம்பை வாசலில் வைத்துவிட்டு வா, அடுத்த வாரம் பாத்திரத்தை வாங்கப் போகிற மாதிரி மறுபடி போ. கம்லா கோபத்தில் திட்டினால் நின்று கேட்டுக்கொள். உன்னைத் தூக்கி வளர்த்தவள்தான்.

எங்களைக் கூப்பிடுகிறாய். இப்போது வரமாட்டோம் மகளே. அப்பாவுக்கு அந்த ஊரில் சிவன் மாமாவை ரோட்டில் பார்க்கிற தைரியம் இல்லை, பார்க்காமல் ஒளிந்து இருக்கிற தைரியமும் இல்லை. போன வெள்ளிக்கிழமை, அவர்கள் போன மறுநாள், நானும் லிதியாவும் முடித்து எழுந்திருக்கிற நேரத்தில் அப்பா வாய் திறந்தார். ஷாலேந்திரா என்று ஒரு பேர் மட்டும் சொன்னார். அதற்கு மேல் வரவில்லை. லிதியா ஆமென் சொன்னாள். இத்தனை வருஷம் எழுப்புதலுக்கு ஜெபித்தோமே, அது எங்கள் வீட்டில் தலைகாட்டுகிறதென்றால் இப்படித்தான் தலைகாட்டுமோ என்று நினைத்துக்கொண்டே அடுப்பை மூட்டினேன். எனக்குத் தெரியாது.

ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் குழந்தையையும் தம் செட்டைக்குள் வைத்துக் காக்கட்டும். ரொனீதாவுக்கு இரண்டு வார்த்தை தமிழாவது சொல்லிக்கொடு, பாட்டி, தாத்தா என்று அவர்களைக் கூப்பிடத் தெரிந்தால் போதும். அவளையும் கூட்டிப் போ. என்றைக்கு வேண்டுமானாலும் போ. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதே.

உன் அம்மா,
ரூத்தம்மா அப்பல்சாமி