ஒரு சாண் விலகிய சுவர்

ஜூன் 4

அன்புள்ள வாயாடிக்கு,

நலம்தானே? உன் அண்ணன் வீட்டில் பேச்சுக்குப் பஞ்சம் இருக்காது. எனக்குத்தான் இங்கே சுவரோடு பேசிப் பேசி நாக்கு காய்ந்துவிட்டது.

நாம் அளந்த பழைய கடற்படைப் பாசறையை இடித்துவிட்டுச் சரக்குக் கொட்டகை கட்டப் பார்க்கிறார்கள். இடிப்பதா விடுவதா என்று முடிவு செய்ய இருபதாம் தேதி குழு கூடுகிறது. நேற்று மாடியில் நின்றேன். இரு புறமும் நீள வராந்தா, ஆள் உயர வளைவுகள், மாலுமிகள் தூளி கட்டித் தூங்கிய கொக்கிகள் உத்தரத்தில் வரிசையாக. கடல் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகிறது. இதைக் கட்டியவன் புழுக்கத்தில் தூக்கம் கெட்டவனாக இருந்திருக்க வேண்டும்.

கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று காட்ட, வரைபடத்தில் நம் இருவர் கையெழுத்தும் வேண்டுமாம். மேற்குப் பாதி நான், கிழக்குப் பாதி நீ அளந்தோமே, உன் பக்கச் சுவர் ஒரு சாண் தள்ளி நின்றதை நான் திருத்தினேனே, அந்தப் படம்தான். வந்து போட்டுவிட்டு, அப்படியே நம் வீட்டுக்கும் திரும்பிவிடு.

உன்
பிடிவாதக்காரன்

ஜூன் 8

மகாகனம் பொருந்திய பிடிவாதக்காரருக்கு,

நலம். திருத்தினேன் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள். என் சுவர் அங்கேதான் நின்றது. நடுச்சுவரைத் தாண்டி என் பக்கம் வந்து ஒரு தடவையாவது டேப்பைப் பிடித்துப் பார்த்தீர்களா? ரப்பரை எடுத்தீர்கள், அழித்தீர்கள். அதற்கப்புறம் வீட்டில் நான் எதைச் சொன்னாலும் அதே கேலி. வயிற்றில் பிள்ளையோடு வலிக்கிறது என்றேன். "உனக்கு எல்லாமே ஒரு சாண் கூடத்தான்" என்று சிரித்தீர்கள். பிள்ளை போனபிறகு உட்கார்ந்து அழுதீர்கள். அந்த அழுகையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

வருகிறேன். குழுவின் முன்னால், அவள் அளந்தது சரி என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். கையெழுத்து என்ன, வீட்டுக்கே வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
வாயாடி

ஜூன் 13

என் வாயாடிக்கு,

காவலாளியிடம் டேப்பின் மறுமுனையைக் கொடுத்து உன் பக்கத்தை அளந்தேன். நீ அளந்தது சரி. நான் அளந்ததும் சரி. அந்தக் காலத்தில் இரண்டு கொத்தனார் கோஷ்டிகள் இரண்டு முனையிலிருந்தும் கட்டிக்கொண்டே வந்திருக்கின்றன. நடுவில் சந்தித்தபோது ஒரு சாண் விலகல். மேலதிகாரி கண்ணில் படாமலிருக்க, இரண்டு முழக் கனத்தில் நடுச்சுவரை எழுப்பி மறைத்துவிட்டார்கள்.

கட்டடம் குத்துக்கல்லாட்டம் நிற்கிறது. ஆனால் விலகல் என்று வாயைத் திறந்தால் போதும், அஸ்திவாரமே நகர்ந்துவிட்டது என்று சொல்லி இடித்துவிடுவார்கள். பழைய படத்திலேயே கையெழுத்துப் போடு. கட்டடம் தப்பட்டும், பிறகு ஊரறியச் சொல்கிறேன். உன் காலில் விழுகிறேன்.

உன்
பிடிவாதக்காரன்

ஜூன் 17

வணக்கம்.

கையெழுத்துப் போட்ட படம் இத்துடன் இருக்கிறது. அந்தக் கட்டடம் என்ன பாவம் செய்தது? என் அளவு தப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் சொல்வீர்கள் என்று இனி எதிர்பார்க்க மாட்டேன். வீட்டுக்கும் வரமாட்டேன். அந்த வராந்தாவில் காற்று வீசிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு ஒன்றாவது எனக்கு மிஞ்சட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 21

என் கண்ணே,

நேற்று குழுவின் முன்னால் உன் கையெழுத்தைப் பார்த்ததும் படத்தை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டேன். கொடுக்கவில்லை. "என் மனைவி அளந்ததுதான் சரி. அதை அழிச்சது நான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். நீ கேட்ட வார்த்தை.

இடிக்க உத்தரவாகிவிட்டது. அடுத்த வாரம் ஆள் வருகிறது. போனால் போகட்டும். எனக்கு நீதான் வேண்டும். வண்டிச்சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறேன். எப்போது வருகிறாய்?

உன்னவன்

ஜூன் 26

வணக்கம்.

நான் கேட்டபோது சொல்லியிருந்தால், கட்டடம் போனாலும் வந்திருப்பேன். எனக்கு அந்த வார்த்தை வேண்டாம், கட்டடம் பிழைக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தபிறகு சொல்லியிருக்கிறீர்கள். இப்போது அதுவும் இல்லை. நான்கு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

வரமாட்டேன் என்று எழுதியிருந்தேன். அதையும் நீங்கள் நம்பவில்லை.