எடுக்காமல் விட்ட ஒரு சிரிப்பு

என் பிரியமான சூசை அண்ணாவுக்கு,

நம் பேய்ப்படம் ஒருவழியாக முடிந்துவிட்டது. மொத்தமே எட்டு நிமிடம். அதற்கு ஒரு வருட ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தால் எனக்கே அலுப்பாக இருக்கிறது. பனியன் கம்பெனியில் நீங்கள் கட்டிங் மாஸ்டர், நான் செக்கிங் டேபிளில் பிசிறு வெட்டுகிறவள். நமக்கு எதற்கு இந்த வேலை என்று அன்றைக்கே யாராவது அதட்டியிருக்கக் கூடாதா?

பனியன் வேஸ்ட் துணியைப் பசையில் நனைத்துக் காயவைத்து நீங்கள் செய்த அழுகிய தோல் இன்னும் எங்கள் பீரோவின் மேல்தான் கிடக்கிறது. அம்மா அந்தப் பக்கமே போவதில்லை. பிணமாக நடிக்க யாரும் வராததால் நீங்களே அதை முகத்தில் ஒட்டிக்கொண்டு படுத்தீர்கள். பீட்ரூட் சாறு என் போன் கேமராவில் கறுப்பாகத் தெரிகிறதென்று, ரத்தத்துக்குச் சாயப்பட்டறையிலிருந்து சிவப்புச் சாயம் கொண்டுவந்ததும் நீங்கள்தான். துணியில் பிடித்தால் போகாத சாயம், தோலில் மட்டும் போய்விடுமா? சாயத்தை வைத்தே பிழைக்கிற ஊரில் இருந்துகொண்டு நம் இருவருக்கும் அது தோன்றவில்லை பாருங்கள்.

ஷாட் முடிந்ததும் சாயம் உங்கள் கண்ணில் இறங்கிவிட்டது. குழாயடிக்கு ஓடினோம். பிணமாக நடித்தவர் எழுந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அந்தச் சிரிப்பையும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு ஆகாது என்பது சினிமாக்காரர்களின் வழக்கம். நாமும் அப்படித்தான் பேசி வைத்திருந்தோம். "அடுத்த வாரம் சிரிச்சுக்கிடுதேன் புள்ள, இப்ப கண்ணு எரியுது" என்றீர்கள். திங்கட்கிழமை பாதி முகம் சிவப்பாக நீங்கள் வேலைக்கு வந்ததும் தையல் லைனே சிரித்தது. பிறகு ஷிப்மென்ட் நெருக்கியது, ஞாயிறும் ஓ.டி. பார்த்தோம். மூன்றாவது வாரம் பல்லடம் பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

மாரடைப்பு என்றார் டாக்டர். எனக்கு அந்தப் பதில் போதவில்லை அண்ணா. சிரிப்பை எடுக்காமல் விட்டவள் நான்தானே?

போன ஞாயிறு சர்ச்சுக்குப் போய்விட்டு ரீத்தா அண்ணி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். "பேயெல்லாம் எனக்கு வேண்டாம் மல்லிகா. அவுக எந்திரிச்சுச் சிரிச்சத மட்டும் காட்டு. சிரிச்சிட்டுத்தான் வந்தேன்னு சொன்னாக" என்றார்கள். அண்ணி பயப்படக் கூடாதென்று நீங்கள் சொன்ன பொய். என்னிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"இல்லீங்க அண்ணி. சிரிப்ப எடுக்கவே இல்லீங்க. தப்பு என்னுதுங்க" என்றேன். திட்டியிருந்தால் தேவலை. அண்ணி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"அப்ப படுத்திருக்கிறதக் காட்டு."

போனை நீட்டினேன். தோலையும் ரத்தத்தையும் அவர்கள் பார்த்த மாதிரியே தெரியவில்லை. திரையில் உங்கள் சட்டையின் மேல் விரலை வைத்தார்கள். அங்கே பிணத்தின் வயிறு மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "எடுக்கறப்ப கவனிக்கலீங்க அண்ணி. அந்த எடத்த வெட்டிருவேனுங்க" என்றேன் அவசரமாக.

"வெட்டாத புள்ள. மூச்சு விடுதாக."

வெட்ட மாட்டேன் அண்ணா. பார்க்கிறவர்கள் கேலி செய்தால் செய்யட்டும். படம் அப்படியேதான் வெளியே போகும், இது சத்தியம்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கை,
மல்லிகா