செல்விக்குச் சொன்ன பதில்

வியாழக்கிழமை

இன்று சுக்குக் கிடங்கில் செல்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய ஆறு வயது மகள் காய்ச்சலில் செத்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. முறத்தில் புடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, உங்க இயேசு எம் புள்ளையவும் சேத்துக்குவாரா?"

எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படுவதுதான் தேவனுடைய சித்தம் என்று போன ஞாயிறுகூட பாஸ்டர் பிரசங்கித்தார். அதை அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் போன வருஷம் இதே கிடங்கில் எல்லோர் முன்னாலும் என்னை மலடி என்றவள் இவள்தான்.

"ஞானஸ்நானம் வாங்காதவங்களுக்கு அங்க இடம் இல்ல" என்றேன்.

"அப்ப அவ எங்க இருப்பா?"

"நெருப்புல."

செல்வி அழவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள்.

"சின்னப் புள்ள, தனியா பயந்துக்குமே. நானும் அங்கயே போயிடுறேன்க்கா" என்றாள்.

பிறகு சாயா வந்தபோது எனக்கும் ஒரு கிளாஸ் எடுத்துவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன்.

ராத்திரி ஜெபத்துக்கு முழங்கால் போட்டேன். நான் சொன்னது பொய் என்று நாளைக்கு அவளிடம் சொல்லிவிடலாம்.

சொல்ல மாட்டேன்.