கடைசி சைக்கிள்

என்னவருக்கு,

இரண்டு நாள் மிதித்தும் உயிரோடுதான் இருக்கிறேன்! என் முழங்காலை மட்டும் விசாரிக்காதீர்கள். உங்களை நடக்கப் பழக்கும் மையத்துக்கு நிதி திரட்டக் கிளம்பிய இருபது பேரில் இன்னும் ஒருவர்கூடக் கழன்றுகொள்ளவில்லை. இன்று காலை மலைச்சரிவில் இறங்கும்போது சின்னப்பிள்ளை மாதிரிக் கூச்சல் போட்டேன். தொண்டை கட்டிவிட்டது, அப்படி ஒரு சந்தோஷம்!

இங்கே ஒரு பழக்கம் இருக்கிறது. முன்னால் போகிறவர் சாலையில் பள்ளத்தைப் பார்த்தால், கையால் காட்டி, "பள்ளம்!" என்று கத்துவார். அடுத்தவர் தனக்குப் பின்னால் வருகிறவருக்குக் கத்துவார். அப்படியே அது வரிசையின் கடைசிவரை வந்து சேரும்.

கடைசி ஆள் நான்தான். நானும் கையைக் காட்டி, "பள்ளம், பாத்து வாங்க!" என்று கத்தினேன்.

எனக்கு முன்னால் போன தபால்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "யாருக்கும்மா சொல்றீங்க? பின்னாடி ஈ காக்காகூட இல்லையே!"

"பழக்கதோஷம் அண்ணே" என்றேன். நாம் சைக்கிளில் போகும்போதெல்லாம் நீங்கள்தானே என் பின்னால் வருவீர்கள்?

மதியம் குழுத்தலைவி வந்து, "நல்லா மிதிக்கிறீங்க, நாளைக்கு முன்னாடி வந்துடுங்க" என்றாள். முடியவே முடியாது என்றுவிட்டேன். முன்னால் போனால் என் பின்னால் வேறு யாராவது வந்துவிடுவார்கள்.

நாளைக்கும் கத்துவேன். அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு அடி எடுத்து வைக்கும்போது கொஞ்சம் காது கொடுங்கள்.

வழக்கம்போல் உங்களுக்கு முன்னால்,
நான்